தவளைகளின் பேராசிரியர் சி. ஆர். நாராயண ராவ்

1. கணவாயின் கிழக்கு வாயில்

மேற்குத் தொடர்ச்சி மலை, கேரளத்திற்கும் தமிழகத்திற்கும் இடையே நெடுஞ்சுவரென நிற்கிறது. அச்சுவரில் இயற்கை திறந்து வைத்த அகன்ற வாயிலே பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று அவ்வழியே கோவைச் சமவெளிக்குள் புகுகிறது. வணிகரும் தொழிலாளரும் மாணவரும் பன்னெடுங்காலமாக அவ்வழியே இருபுறமும் சென்று வருகின்றனர். கணவாய்க்கு வடக்கே அமைதிப் பள்ளத்தாக்கும் நீலகிரியும் உள்ளன. தெற்கே நெல்லியாம்பதியும் ஆனைமலையும் இடுக்கியின் ஏலமலைகளும் உள்ளன. மூணாற்றின் தேயிலைத் தோட்டங்களிலும் ஏலத்தோட்டங்களிலும் பணிபுரிய வந்த தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக இம்மலைகளில் வாழ்ந்து வருகின்றன.

முதல் மழை பெய்தவுடன் இம்மலைகளில் எழும் ஒலி தவளைகளின் ஒலியாகும். ஓடைகளிலும் பாறைக் குழிகளிலும் தலைப்பிரட்டைகள் தோன்றுகின்றன. சில வாரங்களிலோ மாதங்களிலோ அவை கால்கள் பெற்றுக் கரையேறி மறைகின்றன. காண்போர் பலர், நின்று நோக்குவோர் சிலர். நின்று நோக்கிய அச்சிலருள் ஒருவர், கணவாயின் கிழக்கு வாயிலாகிய கோயம்புத்தூரில் 1882-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் பிறந்தார். அவரே சி. ஆர். நாராயண ராவ்.

2. கல்வியும் பணியும்

நாராயண ராவ் பெல்லாரியில் கல்வி பயின்றபின் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே பேராசிரியர் ஹெண்டர்சனிடம் விலங்கியல் கற்றார். ஆசிரியப் பயிற்சி பெற்றுச் சிறிது காலம் கோயம்புத்தூரிலும் எர்ணாகுளத்திலும் ஆசிரியராகப் பணியாற்றினார். இவ்விரு நகரங்களையும் இணைக்கும் வழி பாலக்காட்டுக் கணவாயின் ஊடே செல்வதாகும்.

பின்னர் அவர் பெங்களூரு மத்தியக் கல்லூரியில் பணியேற்றார். அங்கு விலங்கியல் துறையை உருவாக்கி அதன் தலைவராக விளங்கினார். அக்காலத்தில் இந்திய விலங்குகளைப் பற்றிய நூல்களைப் பெரும்பாலும் ஆங்கிலேயரே எழுதினர். இந்தியாவில் பிடிக்கப்பட்ட தவளைகள் சாராயப் புட்டிகளில் அடைக்கப்பட்டு, கப்பலேறி, இலண்டன் அருங்காட்சியகத்தில் பெயர் பெற்றன. புட்டியில் உள்ள தவளையின் நீள அகலத்தை அங்கே அளக்கலாம், நிறத்தைக் குறிக்கலாம். ஆனால் அது எவ்வாறு முட்டையிலிருந்து வளர்ந்தது, இளமையில் எதை உண்டது என்பவற்றை அப்புட்டி கூறாது. அவற்றை அறிய ஓடைக்கரையில் இருப்பவரே வேண்டும். நாராயண ராவ் அப்பணியை மேற்கொண்டார்.

3. வாய் என்னும் அடையாளம்

தலைப்பிரட்டைகள் பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும். உருண்டை உடல், நீண்ட வால், கருமையோ பழுப்போ ஆன நிறம் ஆகியவை பலவற்றிற்கும் பொதுவாகும். அவற்றை வேறுபடுத்தி அறிய அறிஞர்கள் வாயை நோக்குவர்.

பெரும்பாலான தலைப்பிரட்டைகளின் வாயில் கிளியின் அலகு போன்ற கடினமான சிறு அலகு உண்டு. அதைச் சூழ்ந்த உதடுகளில் சீப்பின் பற்களைப்போல நுண்ணிய கொம்புப்பற்கள் வரிசையாக அமைந்திருக்கும். மேலுதட்டில் எத்தனை வரிசை, கீழுதட்டில் எத்தனை வரிசை என எண்ணினால் இனத்தை அறிய உதவும். இப்பற்களால் தலைப்பிரட்டை பாறைமேல் படர்ந்த பாசியைச் சுரண்டி உண்கிறது.

எல்லாத் தலைப்பிரட்டைகளும் அவ்வாறு உண்பதில்லை. குறுவாய்த் தவளைகளின் தலைப்பிரட்டைகள் பலவற்றிற்கு அலகும் இல்லை, பற்களும் இல்லை. அவை நீரை வாய்க்குள் இழுத்து, அதில் மிதக்கும் நுண்துகள்களை வடிகட்டி விழுங்குகின்றன. நாராயண ராவ் இக்குடும்பத்துத் தலைப்பிரட்டைகளைப் பற்றி 1918-இல் தனிக் கட்டுரை எழுதினார். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளில் கருங்கூட்டமாக நீந்தும் இருநிறத் தவளையின் தலைப்பிரட்டையையும் அவர் விவரித்துள்ளார்.

கல்கத்தாவில் 1916-இல் தொடங்கப்பெற்ற இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர் நெல்சன் அனண்டேல். அவரும் நாராயண ராவும் இணைந்து, இந்தியச் சமவெளிகளில் காணப்படும் தவளை, தேரை ஆகியவற்றின் தலைப்பிரட்டைகளைப் பற்றிய ஆய்வை 1918-இல் வெளியிட்டனர். கோவையில் பிறந்த ஓர் ஆசிரியர், நாட்டின் முதன்மையான விலங்கியல் அறிஞரோடு ஒரே கட்டுரையில் பெயர் பொறிக்கப்பெற்றது அந்நாளில் எளிதாகக் கிட்டும் சிறப்பன்று.

4. இருமுறை கட்டப்படும் வாய்

தலைப்பிரட்டையின் வாயை அறிந்தால் அதன் தவளையை அறிந்துவிடலாம் எனத் தோன்றும். உண்மை அவ்வளவு எளிதன்று. இதனை உணர, வாயும் தொண்டையும் கருவில் எவ்வாறு உருவாகின்றன என்பதை அறிதல் வேண்டும்.

மீன், தவளை, பறவை, மனிதர் என முதுகெலும்புள்ள உயிர்கள் அனைத்தின் கருவிலும் தலைக்குக் கீழே, கழுத்தின் இருமருங்கும் மடிப்புகள் தோன்றுகின்றன. அவற்றைத் தொண்டை வளைவுகள் என்பர். மனிதக் கருவில் நான்காம் வாரத்தில் இவை தோன்றுகின்றன. முதல் வளைவிலிருந்து தாடையை மூடி மெல்லச் செய்யும் தசைகள் உருவாகின்றன. இரண்டாம் வளைவிலிருந்து வாய்த்தளத்தை அசைக்கும் தசைகள் சில தோன்றுகின்றன. மனிதரின் முகத்தில் நகைப்பையும் சினத்தையும் காட்டும் தசைகளும் இவ்வளைவிலிருந்தே பிறக்கின்றன. அடுத்துள்ள வளைவுகள் விழுங்குவதற்குரிய தொண்டைத் தசைகளையும் குரல்வளைத் தசைகளையும் தருகின்றன. மீனில் இப்பின்வளைவுகள் செவுள்களைத் தாங்குகின்றன. மீன் மூச்சுவிடப் பயன்படும் அமைப்பும் மனிதர் உணவை விழுங்கப் பயன்படும் அமைப்பும் ஒரே அடித்தளத்தின்மேல் எழுந்தவை.

நாவின் தசைகளுக்கு வேறொரு வரலாறு உண்டு. அவை தொண்டை வளைவுகளில் பிறப்பதில்லை. தலைக்குப் பின்னால் முதுகின் இருமருங்கும் அடுக்காக அமையும் திசுக்கட்டிகளில் பிறந்து, கழுத்தைச் சுற்றி முன்னோக்கிப் பயணம் செய்து, வாயின் அடியை வந்தடைகின்றன. புலம்பெயர்ந்து வந்த உயிரணுக்களே நாவாக மாறுகின்றன எனலாம். இத்தசைகள் வேலை செய்யப் பிறப்பு வரை காத்திருப்பதில்லை. மனிதக் கரு ஏறத்தாழ 12 வாரத்திலேயே தன்னைச் சூழ்ந்த பனிக்குட நீரை விழுங்கிப் பழகத் தொடங்குகிறது.

பெரும்பாலான முதுகெலும்பிகள் தம் வாயை ஒருமுறையே கட்டுகின்றன. தவளையோ இருமுறை கட்டுகிறது. முட்டையில் முதலில் உருவாவது தலைப்பிரட்டையின் வாய். அதன் தாடை குறுகியது. வாய்த்தளத்தின் தசைகள் நீரேற்றும் எந்திரம்போல இடைவிடாது இயங்கி, நீரை உள்ளிழுத்துச் செவுள்களின் வழியே வெளியேற்றுகின்றன. மூச்சும் உணவும் அவ்வொரே இயக்கத்தால் கிடைக்கின்றன.

உருமாற்றக் காலம் வந்ததும் அக்கட்டடம் இடிக்கப்படுகிறது. அலகும் கொம்புப்பற்களும் உதிர்கின்றன. தலைப்பிரட்டைக்குரிய தசைநார்கள் பல அழிய, அவற்றினிடத்தில் புதிய தசைநார்கள் தோன்றுகின்றன. தாடை நீண்டு, அதன் மூட்டு பின்னோக்கி நகர, சிறு துளையாக இருந்த வாய் தலையளவு அகலம் பெறுகிறது. பூச்சியைப் பிடிக்கும் நாக்கு வளர்கிறது. வாய் மாறும் அந்நாள்களில் அதனால் உண்ண இயலாது. சுருங்கி மறையும் வாலின் சத்தே அதற்கு உணவாகிறது. இவ்வாறு உருவாகும் தவளை இரையை மெல்லாமல் விழுங்குகிறது. விழுங்கும்போது அது கண்களை மூடுவதைக் காணலாம். கண்கள் உள்ளிறங்கி இரையைத் தொண்டைக்குள் தள்ள உதவுகின்றன.

இம்மாற்றத்தைத் தூண்டுவது தைராய்டுச் சுரப்பு. தலைப்பிரட்டைகளுக்குத் தைராய்டுச் சுரப்பியை உணவாகக் கொடுத்தால் அவை காலத்திற்கு முன்பே சிறு தவளைகளாக மாறுகின்றன என்பதை 1912-இல் குடர்நாட்ஷ் என்னும் ஆய்வாளர் கண்டறிந்தார். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து மருத்துவப் பேராசிரியர் எட்ஜ்வொர்த், மீன் முதல் பாலூட்டி வரை பலவகைக் கருக்களின் தலைத்தசைகளை ஆராய்ந்து 1935-இல் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். உலகின் பல பகுதிகளில் அறிஞர்கள் வாயின் பிறப்பை ஆராய்ந்த அக்காலத்தில்தான் நாராயண ராவும் தென்னிந்திய நீர்நிலைகளின் தலைப்பிரட்டைகளை ஆராய்ந்து வந்தார். பெங்களூருவில் அவர் உருவாக்கிய துறையில் வளர்ந்த எல். எஸ். ராமசுவாமி, தவளைகளின் தலையெலும்பு அமைப்பை நுணுகி ஆராய்ந்து புகழ்பெற்றார்.

5. பெயரறியாத் தலைப்பிரட்டை

வாய் முழுதும் மாறிவிடுவதால், தலைப்பிரட்டையின் வாயைக் கொண்டு அதன் தவளையின் வாயை ஊகித்தல் இயலாது. ஆய்வாளர் தலைப்பிரட்டையை வளர்த்து, அது தவளையாகும் வரை காத்திருத்தல் வேண்டும். அல்லது எல்லாப் பருவங்களையும் ஓடையிலேயே சேகரித்து வரிசைப்படுத்துதல் வேண்டும். இடையில் ஒரு கண்ணி அறுந்தாலும் இளமைக்கும் முதுமைக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடும்.

அவ்வாறு அறுந்த கதை ஒன்று உண்டு. நாராயண ராவுடன் இணைந்து எழுதிய அதே 1918-இல், தென்னிந்திய மலைகளின் தலைப்பிரட்டைகள் சிலவற்றை அனண்டேல் தனியே விவரித்தார். அவற்றுள் ஒன்று வியப்பிற்குரியது. அதன் வாய் உடலின் அடிப்புறத்தில் உறிஞ்சுகிண்ணம்போல அமைந்திருந்தது. பாய்ந்தோடும் மழைவெள்ளத்திலும் பாறையை விடாது பற்றிக்கொள்ள அவ்வாய் உதவியது. ஆனால் அது வளர்ந்தால் எந்தத் தவளையாகும் என்பதை அந்நாளில் எவரும் உறுதியாகக் கூற இயலவில்லை. அனண்டேல் 1924-இல் கல்கத்தாவில் காலமானார். நாராயண ராவின் வாழ்நாளிலும் அப்புதிர் அவிழவில்லை.

6. இதழாசிரியர்

இந்திய ஆய்வாளர்கள் தம் முடிவுகளை விரைந்து வெளியிட வழியின்றி, வெளிநாட்டு இதழ்களை எதிர்பார்த்திருந்த காலம் அது. இக்குறையைப் போக்க 1932-ஆம் ஆண்டு ஜூலையில் பெங்களூருவிலிருந்து கரண்ட் சயன்ஸ் என்னும் அறிவியல் இதழ் வெளிவரத் தொடங்கியது. அதன் முதல் ஆசிரியராக நாராயண ராவ் பொறுப்பேற்றார். விலங்கியலோடு நில்லாமல் எல்லா அறிவியல் துறைகளுக்கும் அவ்விதழ் இடமளித்தது. இன்றும் அது வெளிவந்து கொண்டிருக்கிறது.

கல்லூரிப் பணியும் இதழ்ப் பணியும் சூழ்ந்திருந்தபோதும் தவளைகளை அவர் மறக்கவில்லை. 1937-இல், பணி ஓய்வு பெற்ற அவ்வாண்டிலேயே, தென்னிந்தியத் தவளைகளுள் தாம் புதியனவாகக் கண்ட பலவற்றை விவரித்து நீண்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டார். ஹாசன் பகுதியின் கெம்புஹொளே மலைச்சரிவில் கிடைத்த தவளைகளும் அவற்றுள் இடம்பெற்றன. 1960-ஆம் ஆண்டு ஜனவரி 2-ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார்.

7. தொலைந்த புட்டிகள்

புதிய உயிரினம் ஒன்றிற்குப் பெயரிடுபவர், அப்பெயருக்குச் சான்றாக ஓர் உடலைப் பாதுகாத்து வைத்தல் வேண்டும். பின்வரும் ஆய்வாளர்கள் ஐயம் எழும்போது அதனோடு ஒப்பிட்டு உண்மையை அறிவர். நாராயண ராவ் பெயரிட்ட தவளைகளின் சான்றுடல்கள் மத்தியக் கல்லூரியில் வைக்கப்பட்டிருந்தன. காலப்போக்கில் அவை தொலைந்து போயின.

இவ்விழப்பு சிறிதன்று. எந்தத் தவளையை அவர் குறிப்பிட்டார் என்பதில் ஐயங்கள் எழுந்தன. சில பெயர்கள் உரிமையாளர் இல்லாத வீடுகள்போல நின்றன. எஞ்சியவை அவர் எழுதிய சொற்களும் அளவுகளும் படங்களுமே. அவற்றைக் கையில் ஏந்தி இளைய ஆய்வாளர்கள் மீண்டும் மலையேறினர். 1937-க்குப்பின் காணப்படாதிருந்த அழகிய ஓடைத்தவளை ஒன்று மீண்டும் கண்டறியப்பட்டதாக 2011-இல் அறிவிக்கப்பட்டது. அது நாராயண ராவ் பெயரிட்ட தவளையாகும். புட்டி தொலைந்தபின்னும் செம்மையாக எழுதிய சொல் வழிகாட்டியது.

8. புதிர் அவிழ்ந்தது

2003-ஆம் ஆண்டு அக்டோபரில் இடுக்கி மாவட்டம் உலகச் செய்திகளில் இடம்பெற்றது. கட்டப்பனையில் கிடைத்த விந்தையான தவளை ஒன்றை எஸ். டி. பிஜுவும் பிராங்கி போசுயிட்டும் உலகிற்கு அறிவித்தனர். ஊதா நிறம், ஊதிய உடல், கூரிய மூக்கு, சிறிய வாய் ஆகியன அதன் அடையாளங்கள். ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்குள் கழிக்கும் அத்தவளை, கறையான்களை உண்டு வாழ்கிறது. மழைக்காலத் தொடக்கத்தில் சில நாள்களே இனப்பெருக்கத்திற்காக வெளிவருகிறது. அதன் நெருங்கிய உறவினங்கள் இந்தியப் பெருங்கடலுக்கு அப்பால் செஷல்ஸ் தீவுகளில் வாழ்கின்றன.

அனண்டேல் 1918-இல் விவரித்த பெயரறியாத் தலைப்பிரட்டை இவ்வூதாத் தவளையின் இளமைப் பருவமே என்பது பின்னர் தெளிவாயிற்று. பாறையைப் பற்றும் அகன்ற உறிஞ்சுவாய், கறையானை உண்ணும் குறுகிய வாயாக மாறுகிறது. ஓடையில் வாழ்ந்த பிள்ளையும் மண்ணுக்குள் வாழ்ந்த பெற்றோரும் ஒரே பெயரைப் பெற 85 ஆண்டுகள் ஆயின. 2017-இல் இதன் மற்றோர் உறவினம், தமிழகத்தின் திருவில்லிபுத்தூர்ப் பகுதியில், மலையின் கிழக்குச் சரிவில் கண்டறியப்பட்டது.

2010-இல் மேற்குத் தொடர்ச்சி மலையின் புதர்த்தவளைகள் பலவற்றை உள்ளடக்கிய பேரினம் ஒன்றிற்கு நாராயண ராவின் நினைவாக ராவோர்கெஸ்டெஸ் என்னும் பெயர் சூட்டப்பட்டது. இரவிகுளத்தின் உயர்ந்த புல்வெளியில் வாழும் செந்நிறத் தவளையும் இப்பேரினத்தைச் சேர்ந்ததே. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே வாழும் இப்பேரினத் தவளைகள் சில, தெற்கே காணப்படுவதில்லை.

இப்பேரினத்திற்கு ஒரு தனித்தன்மை உண்டு. இதன் தவளைகள் நீந்தும் தலைப்பிரட்டைப் பருவத்தைக் கடப்பதில்லை. இலைகளின் மீதோ மண்ணிலோ மூங்கிலின் உள்ளேயோ இடப்பட்ட முட்டையிலிருந்து சிறு தவளையாகவே வெளிவருகின்றன. பாசியைச் சுரண்டும் வாயை அவை அமைப்பதில்லை. முட்டைக்குள்ளேயே தவளைக்குரிய வாயைப் பெறுகின்றன. தலைப்பிரட்டைகளை ஆராய்ந்த பேராசிரியரின் பெயர், தலைப்பிரட்டைப் பருவமே இல்லாத தவளைகளுக்கு அமைந்தது.

மழைக்கால மாலையில் இடுக்கியின் ஏலத்தோட்டங்களிலும் நெல்லியாம்பதியின் புதர்களிலும் அச்சிறு தவளைகள் இன்றும் குரல் கொடுக்கின்றன.

சொற்பொருள்

கணவாய் – மலைகளுக்கு இடையே உள்ள வழி
தலைப்பிரட்டை – தவளையின் வாலுள்ள இளம்பருவம்
செவுள் – நீர்வாழ் உயிர்களின் மூச்சுறுப்பு
உருமாற்றம் – வளரும்போது உடலமைப்பு முழுதும் மாறுதல்
பனிக்குடம் – கருவைச் சூழ்ந்துள்ள நீர்ப்பை
சான்றுடல் – பெயருக்குச் சான்றாகப் பாதுகாக்கப்படும் உயிரினத்தின் உடல்

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. நாராயண ராவ் எங்கு, எப்போது பிறந்தார்?
2. தலைப்பிரட்டைகளை வேறுபடுத்தி அறிய அறிஞர்கள் எதை நோக்குவர்?
3. உருமாற்றத்தின்போது உண்ண இயலாத தலைப்பிரட்டை எவ்வாறு உயிர் வாழ்கிறது?
4. நாவின் தசைகள் எங்குப் பிறந்து எங்கு வந்து சேர்கின்றன?

ஆ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. கரண்ட் சயன்ஸ் இதழ் தொடங்கப்பெற்ற ஆண்டு __________.
2. ஊதாத் தவளையின் உணவு __________.
3. மெல்லுவதற்குரிய தசைகள் __________ தொண்டை வளைவிலிருந்து உருவாகின்றன.

இ. விரிவான விடை எழுதுக.
1. தவளை வாயை இருமுறை கட்டுகிறது என்பதை விளக்குக.
2. சான்றுடல்கள் தொலைந்தபின்னும் நாராயண ராவின் பணி பயன்பட்டது எவ்வாறு?

ஈ. செயல்பாடு
வீட்டுப் பெரியவர்களுடன் சென்று, அருகிலுள்ள நீர்நிலையில் வாழும் தலைப்பிரட்டைகளைக் கரையில் நின்றே நோக்குக. அவற்றின் நிறம், உண்ணும் முறை, வாலின் நீளம், கால்கள் தோன்றிய நாள் ஆகியவற்றை நான்கு வாரங்கள் குறிப்பேட்டில் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.